கேட்பதற்கு ஒருவர் வேண்டும்

“தப்பு செய்யாதவனுக்கு எதுக்குப் பயம்? புடிச்சு உள்ள போடட்டும். அப்பத்தான் புத்தி வரும்.”

மலாக்காவின் நியாலாஸ் பக்கம் கோயில் கூட்டத்திலும் துக்க வீட்டுப் பந்தலிலும் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். முன்பு ‘இசா’ சட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். இப்போது அதே வார்த்தைகளை ‘சொஸ்மா’வைப் பற்றிச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பாராங் கத்திச் சண்டையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும், வட்டிக்காரன் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிப் போனதைப் பார்த்தவர்களும், மகள் வேலை முடிந்து வரும் வழியில் நிற்கிற கும்பலுக்குப் பயந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் உண்மையானது. அந்தப் பயத்திலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு தவறானது. நம் மக்கள் நலனுக்கே எதிரான முடிவு அது என்பதால்தான் மறுத்து எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டம், அதாவது சொஸ்மா, 2012 ஜூலை 31 அன்று நடப்புக்கு வந்தது. 1960இலிருந்து இருந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவை நீக்கிவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். சாதாரணமாக ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சொஸ்மாவின்கீழ், சுப்பரின்டென்டன் தகுதியுள்ள ஒரு போலீஸ் அதிகாரியே 28 நாள் வரை காவலை நீட்டிக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குற்றம் சாட்டிய பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, ஜாமீன் கிடையாது என்கிறது பிரிவு 13. விசாரித்த நீதிமன்றமே விடுதலை செய்தாலும், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய விரும்பினால் அந்த மனிதரைத் தொடர்ந்து சிறையில் வைக்கக் கோரலாம் என்கிறது பிரிவு 30. பயங்கரவாதத்துக்கு மட்டுமே உள்ள சட்டம் இது என்று பலர் நினைக்கிறார்கள். தண்டனைச் சட்டத்தின் ‘குண்டர் கும்பல்’ பிரிவுகளும் இதன் பட்டியலில் உள்ளன. நம் வீட்டுப் பையன்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு நாள் விடியுமுன் அவருடைய மூத்த மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கும்பலில் உறுப்பினன் என்று ஒரு மாதம் கழித்துக் குற்றம் சாட்டினார்கள். குற்றச்சாட்டுத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க என்னிடம் வந்தபோது, கையில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கோப்பு ஒன்று வைத்திருந்தார். அதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கியிருந்தார்: பையனின் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), லாரிக் கம்பெனிச் சம்பளச் சீட்டுகள், நல்ல பையன் என்று கோயில் தலைவர் முத்திரை குத்திக் கொடுத்த கடிதம், அண்ணன் வீட்டு நிலப் பட்டாவின் நகல். “ஜாமீனுக்கு எங்கண்ணன் கையெழுத்துப் போடுறேன்னுட்டாரு தம்பி. இத எந்தக் கவுண்டர்ல குடுக்கணும்?” என்று கேட்டார்.

அப்படி ஒரு கவுண்டர் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மகன் குற்றவாளியா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் முழுதாகத் தெரியாது. பிடித்த அதிகாரிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நீதிபதி அதை இன்னும் விசாரிக்கத் தொடங்கவில்லை. ஒருவரைப் பற்றி எவருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாத அந்த இடைக்காலத்தில் அவரை எங்கே வைப்பது? இந்தக் கேள்வியைக் கேட்கவும் பதில் சொல்லவும் யாருக்கு உரிமை? குற்றவியல் சட்டத்தில் அரசியலமைப்பு தலையிடுகிற முதல் இடமே இதுதான். ‘தப்பு செய்யாதவனுக்குப் பயமில்லை’ என்கிறவர்கள் இந்த இடைக்காலத்தை மறந்துவிடுகிறார்கள். வழக்கின் கடைசிப் பக்கத்தை முன்கூட்டியே படித்துவிட்டவர்கள் போல, யார் தப்பு செய்தவர், யார் செய்யாதவர் என்று தெரிந்துகொண்டே பேசுகிறார்கள்.

தப்பு செய்யாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். நம் மலாக்காவே சாட்சி. 2019 அக்டோபர் 10 அன்று தொடங்கிய கைது நடவடிக்கையில் 12 பேர் சொஸ்மாவின்கீழ் பிடிபட்டார்கள். தமிழீழ விடுதலைப் புலிகளுக்கு ஆதரவு என்பது குற்றச்சாட்டு. அவர்களில் ஒருவர் காடேக் சட்டமன்ற உறுப்பினரும் மலாக்கா மாநில ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி. சாமிநாதன். இன்னொருவர் நெகிரி செம்பிலானின் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரன். பத்தாண்டுகளுக்கு முன்பே, 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலில் முடிந்துபோன ஒரு போருக்காக, இங்கே பிறந்து இங்கே வாக்குக் கேட்டு வென்றவர்கள் கம்பிக்குப் பின்னால் போனார்கள். தீபாவளியும் பொங்கலும் உள்ளேயே கழிந்தன. 2020 பிப்ரவரி 21 அன்று, அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், 12 பேர்மீதான 34 குற்றச்சாட்டுகளையும் கைவிடுவதாக அறிவித்தார். எந்த ஒரு குற்றச்சாட்டிலும் தண்டனை பெற்றுத்தர நியாயமான வாய்ப்பு இல்லை என்றார். கைப்பேசியில் தலைவர்களின் படம் வைத்திருப்பதால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிடமாட்டார் என்ற பொருளிலும் பேசினார்.

“பார்த்தீர்களா, கடைசியில் விட்டுவிட்டார்களே, சட்டம் சரியாகத்தானே வேலை செய்திருக்கிறது” என்று இதற்கும் ஒரு பதில் சொல்கிறார்கள். நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தவர்களை விட்டது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. ஓர் அதிகாரியின் முடிவு. அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கலாம். அதுவரை அவர்களும் உள்ளேயே இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் தெரிந்தவர்கள். கட்சியும் வழக்கறிஞர்களும் பத்திரிகைகளும் அவர்களுக்காகப் பேசின. செம்பனைத் தோட்டத்து அக்காவின் மகனுக்கு யார் பேசுவார்கள்? சட்டமன்ற உறுப்பினருக்கே நான்கு மாதம் என்றால், லாரி ஓட்டுநருக்கு எத்தனை மாதம் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாதம் கனமானது. “குண்டர் கும்பலை வேறு எப்படி ஒழிப்பது? ஜாமீனில் விட்டால் சாட்சியை மிரட்டுவான், ஓடிப்போவான்.” இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஜாமீன் என்றால் கதவைத் திறந்து விடுவது என்று யார் சொன்னது? ஜாமீன் கேட்பவருக்குக் கிடைப்பது தன் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு. அரசுத் தரப்பும் தன் பயத்தைச் சொல்லும். இரண்டையும் கேட்டு நீதிபதி முடிவெடுப்பார். ஆபத்தானவர் என்று தெரிந்தால் மறுப்பார். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லலாம். மாதாமாதம் போலீஸ் நிலையத்தில் கையெழுத்திடச் சொல்லலாம். சாட்சி இருக்கும் ஊர்ப்பக்கம் போகாதே என்று கட்டளையிடலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இருந்து, குற்றம் செய்ததாக நம்ப நியாயமான காரணமும் இருந்தால், ஜாமீனை மறுக்க நம் சாதாரணக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே இடம் தருகிறது. அப்படியிருக்க, பிரிவு 13 புதிதாக எதைச் சேர்த்தது? ஆபத்தான மனிதரை உள்ளே வைக்கும் அதிகாரம் ஏற்கெனவே இருந்தது. ஆபத்தில்லாத மனிதரையும் உள்ளேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயத்தைத்தான் அது நீதிபதியின்மேல் சுமத்தியது.

வரலாற்றையும் பார்ப்போம். 1969இல் வந்த அவசரகாலச் சட்டத்தின்கீழ், குண்டர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை விசாரணையே இல்லாமல் தடுத்து வைத்தார்கள். அது 2011 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், நடப்பில் இருந்தது. அது போய் இரண்டே ஆண்டில், 2013 ஆகஸ்டில், உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. 40,000க்கு மேற்பட்ட உறுப்பினர்கள், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றது. அந்த எண்ணிக்கையைக் கேட்டு நாமெல்லாம் வெட்கித் தலைகுனிந்தோம். அவசரகாலச் சட்டத்தை எடுத்ததால்தான் இப்படி ஆனது என்று சிலர் சொன்னார்கள். நாற்பதாயிரம் பேர் இரண்டு ஆண்டில் முளைத்துவிடுவார்களா? நாற்பது ஆண்டுத் தடுப்புக் காவலின் நிழலிலேயேதான் அந்தக் கும்பல்கள் வளர்ந்தன.

ஏன் வளர்ந்தன என்பது நியாலாஸ்காரனுக்குத் தெரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நிலம் கைமாறியது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கையில் சிறு தொகையோடு குடும்பங்கள் பட்டணத்து ஓரக் குடிசைகளுக்கும் மலிவு வீட்டு அடுக்குமாடிக்கும் போயின. தோட்டத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் பந்துத் திடலும் இருந்தன. பட்டணத்து மாடிப்படியில் பையனை முதலில் ‘தம்பி’ என்று கூப்பிட்டு அணைத்துக்கொண்டவன் கும்பல்காரன்தான். அந்தப் பையனை மீட்கப் பள்ளியும் தொழிற்பயிற்சியும் வேலையும் தேவை. தப்பு செய்துவிட்டான் என்றால் ஒழுங்கான புலனாய்வும், நிற்கக்கூடிய ஆதாரமும், தாமதமில்லாத விசாரணையும் தேவை. ஆதாரம் தேடுகிற உழைப்பைக் குறைத்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டத்தால் கும்பல் ஒழியாது. உண்மையான தலைவன் வெளியே இருக்க, எடுபிடிகளால் சிறை நிரம்பும்.

சட்டம் படித்தவர்கள் வேறொரு வாதம் வைக்கிறார்கள். “இது அரசியலமைப்புக்கு விரோதம் இல்லையே. 149ஆவது விதி இடம் கொடுக்கிறதே” என்கிறார்கள். பதில் அதே விதியில் இருக்கிறது. கணிசமான எண்ணிக்கையுள்ள ஒரு குழுவினர் வன்முறை முதலிய செயல்களில் இறங்கியிருக்கிறார்கள் அல்லது இறங்கப்போவதாக மிரட்டுகிறார்கள் என்று முகவுரையில் சொல்லி நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால், அது 5, 9, 10, 13 ஆகிய நான்கு விதிகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது 149. தனிமனித சுதந்திரம், நடமாட்டம், பேச்சு, சொத்து ஆகிய நான்கு உரிமைகள் அவை. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற 8ஆவது விதி அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக்கூடாது என்கிற 7ஆவது விதி இல்லை. நீதித்துறையைப் பற்றிய 121ஆவது விதியும் இல்லை. வீட்டின் நான்கு அறைகளுக்குள் போகச் சாவி கொடுத்தால், முழு வீடும் தன்னுடையது என்று சொல்ல முடியுமா?

சாமிநாதன் வழக்கில் இந்தக் கேள்வி எழுந்தது. 2019 நவம்பர் 29 அன்று, கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் கசாலி, ஜாமீனை மறுக்கும் பிரிவு 13 அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஜாமீன் கொடுப்பதா மறுப்பதா என்பது நீதிமன்றத்தின் வேலை. அந்த வேலையை நாடாளுமன்றம் பறித்துக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம். அதிகாரப் பிரிவினை என்று பாடநூல் சொல்வது இதைத்தான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் பிரிவு 13 சட்டத்திலிருந்து நீங்கவில்லை.

அதிகாரப் பிரிவினை என்றால் என்னவென்று தோட்டத்துப் பெரியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது இல்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். துரை காலத்தில் புகார் சொல்கிறவர் தண்டல். சாட்சி சொல்கிறவர் கிராணி. தீர்ப்புச் சொல்கிறவர் துரை. மூன்று பேரும் ஒரே ஆபீசில் உட்கார்ந்திருந்தார்கள். பெரட்டில் பேர் வெட்டினால் வெட்டியதுதான். ஏன் என்று கேட்க வேறு வாசல் இல்லை. ஒப்பந்தக் கூலி முறை இருந்த காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடினவருக்குச் சிறையே கிடைத்தது. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தலைநகரை நோக்கி நடந்ததை இந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. உள்ளூரில் முறையிட இடமில்லாதவர்கள்தாம் அவ்வளவு தூரம் நடப்பார்கள். துரையின் கையில் குவிந்திருந்த அந்த அதிகாரம் தவறு என்று சொன்ன நாம், அதே குவியலை வேறொரு மேசையில் வைத்தால் மட்டும் எப்படிச் சரி என்கிறோம்?

நீதித்துறையின் அதிகாரம் இந்த நாட்டில் சும்மா கிடைத்ததும் அல்ல. 1987இல் யாப் பெங் வழக்கில், ஒரு வழக்கைக் கீழ்நீதிமன்றத்திலிருந்து உயர்நீதிமன்றத்துக்கு மாற்ற அரசு வழக்கறிஞருக்கு அதிகாரம் தந்த பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றத்தின் அதிகாரத்தில் அது தலையிடுகிறது என்பது காரணம். அடுத்த ஆண்டே 121ஆவது விதியைத் திருத்தி, கூட்டரசின் நீதித்துறை அதிகாரம் நீதிமன்றங்களைச் சேர்ந்தது என்ற வாசகத்தையே எடுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து, 2017இல், செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அதிகாரத்தை மீட்டெடுத்தது. வாசகத்தை எடுத்தாலும் அடித்தளம் போகாது என்றது. 2019 ஏப்ரலில் அல்மா நூடோ வழக்கில், ஒன்பது நீதிபதிகள் போதைப்பொருள் சட்டத்தின் 37A பிரிவைத் தள்ளுபடி செய்தார்கள். ஓர் அனுமானத்தின்மேல் இன்னோர் அனுமானத்தை ஏற்றி ஒருவரைக் குற்றவாளியாக்குவது, நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்ற கோட்பாட்டைச் சிதைக்கிறது என்றார்கள். அந்த வழக்கில் வந்த இருவரும் வெளிநாட்டுப் பெண்கள். ஒருவர் பிலிப்பைன்ஸ், மற்றவர் தாய்லாந்து. 5ஆவது விதி ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை. ‘எந்த ஒருவரும்’ என்றே சொல்கிறது. வெளிநாட்டவருக்கே கிடைத்த அந்தக் காப்பு, மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் பால்வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு வேண்டாம் என்று நாமே சொல்லலாமா?

“இதெல்லாம் கூட்டரசு விவகாரம். மலாக்கா என்ன செய்யும், நாம் என்ன செய்ய முடியும்?” என்று கைகழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். கூட்டாட்சியைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட பேச்சு அது. பல மாநிலங்கள் சேர்ந்த நாடுகளில், குற்றவியல் சட்டத்தை யார் கையில் கொடுப்பது என்பதற்கு ஒரே வழி இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் ஒவ்வொரு மாநிலமும் தன் குற்றவியல் சட்டத்தைத் தானே எழுதுகிறது. கனடாவில் அது மத்திய அரசின் கையில். இந்தியாவில் மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியலில். நம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதைக் கூட்டரசுப் பட்டியலில் வைத்தது. இஸ்லாமிய சமயக் குற்றங்கள் பற்றி மாநிலங்கள் சட்டமியற்றலாம்; அதுவும் கூட்டரசுப் பட்டியலுக்குள் நுழையக்கூடாது. 2024 பிப்ரவரி 9 அன்று, நிக் எலின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கிளந்தான் மாநிலச் சட்டத்தின் 16 பிரிவுகளைச் செல்லாதென்றது இந்த எல்லைக்கோட்டை வைத்துத்தான்.

அதிகாரத்தை எங்கே வைத்தாலும் அதன்கூடவே ஒரு கடிவாளத்தையும் வைப்பதுதான் கூட்டாட்சியின் இலக்கணம். 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஃபுளோரிடா சிறையில் இருந்த கிடியன் என்ற ஏழை பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவை ஏற்று, குற்றம் சாட்டப்பட்ட வசதியில்லாதவருக்கு எல்லா மாநிலங்களும் வழக்கறிஞர் தந்தாக வேண்டும் என்றது. மாநிலத்தின் கையில் இருந்த குற்றவியல் அதிகாரத்துக்கு நாட்டு அரசியலமைப்பு கடிவாளம் போட்டது. நம் நாட்டிலோ பெர்லிஸிலிருந்து சபா வரை ஒரே தண்டனைச் சட்டம். குற்றவியல் அதிகாரம் முழுவதையும் ஒரே மையத்தில் குவித்த பிறகு, அடிப்படை உரிமைகளும் சுதந்திரமான நீதிமன்றமும்தான் மிச்சமிருக்கும் கடிவாளங்கள். மாநில எல்லையைத் தாண்டினால் கிளந்தானைத் தடுக்கும் நீதிமன்றம், நீதிபதியின் எல்லையைத் தாண்டினால் புத்ராஜெயாவையும் தடுக்க வேண்டும். மலாக்கா சட்டமன்றம் சொஸ்மாவைத் திருத்த முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டமன்றத்தின் உறுப்பினர் ஒருவரையே அந்தச் சட்டம் விழுங்கியது. அதற்குப் பிறகும் தனக்கு இதில் வேலையில்லை என்று எந்த மாநிலமும் சொல்லக்கூடாது.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்லவேண்டும். “நல்லவர்கள் ஆட்சிக்கு வந்தால் நல்லபடி பயன்படுத்துவார்கள்” என்பது அது. 1960இல் கம்யூனிஸ்டுகளுக்காகக் கொண்டுவந்த இசா சட்டத்தில்தான், 2007 டிசம்பர் 13 அன்று, இந்து உரிமைப் பணிப்படையான ஹிண்ட்ராஃபின் ஐந்து தலைவர்களைப் பிடித்துக் கமுந்திங் முகாமில் வைத்தார்கள். அவர்களில் எம். மனோகரன், முகாமில் இருந்தபடியே 2008 மார்ச் தேர்தலில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஓராண்டுக்கு மேல் அவர் உள்ளேயே இருந்தார். சொஸ்மாவின் கொடும் பிரிவுகளை நீக்குவோம் என்று 2018 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தந்த கூட்டணியின் ஆட்சியில்தான் அந்த 12 பேரும் பிடிபட்டார்கள். சாமிநாதனும் குணசேகரனும் அதே கூட்டணியைச் சேர்ந்தவர்கள். தங்கள் கட்சி ஆட்சியில் இருந்தும் அவர்களைச் சட்டம் விடவில்லை.

கடல் தாண்டியும் இதே கதைதான். இலங்கையில் 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாகி, எத்தனை தமிழ் இளைஞர்களின் வாலிபத்தைத் தின்றது என்று நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2002இல், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக, மக்களவை உறுப்பினராக இருந்த வைகோ, பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகிப் பத்தொன்பது மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். அந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது அவர் கட்சி ஆளும் கூட்டணியில் இருந்தது. 2021 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் நஜீப் வழக்கில் ஒரு பாடம் சொன்னது: சிறப்புச் சட்டம் ஜாமீனுக்கு எவ்வளவு தடை போட்டாலும், விசாரணை முடிவில்லாமல் இழுத்தால், அடிப்படை உரிமையைக் காக்க ஜாமீன் தரும் அதிகாரம் அரசியலமைப்பு நீதிமன்றங்களுக்கு உண்டு. பக்கத்துக் கூட்டாட்சி கண்ட அந்த வழி நமக்கும் வேண்டும்.

நான் கேட்பது குற்றவாளிகளுக்கு மன்னிப்பு அல்ல. பிரிவு 13ஐ நீக்கி, ஜாமீனைத் தீர்மானிக்கும் வேலையை நீதிபதியிடம் திருப்பிக் கொடுங்கள். 28 நாள் காவலைப் போலீஸ் அதிகாரியின் கையெழுத்துக்கு விடாமல், காரணம் கேட்டு மறுக்கவும் அதிகாரமுள்ள மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோங்கள். நீதிமன்றம் விடுதலை செய்தவரை வீட்டுக்கு அனுப்புங்கள். பிரிவு 30 போகட்டும். அந்த 28 நாள் அதிகாரம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற்றால்தான் தொடரும். 2022 மார்ச் 23 அன்று மக்களவையில் அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்று தோற்றது. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றிக்கொண்டார்கள். அந்த ஐந்தாண்டு 2027 ஜூலையில் முடிகிறது. இரண்டே வாக்கில் ஒருமுறை விழுந்த அதிகாரம் இது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்பதற்கு நம்மிடம் ஒரு தெளிவான கேள்வி இருக்கிறது: அன்றைக்கு நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள்?

கோயில் கூட்டத்தில் பேசும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்துப்போன அன்றைக்கே அவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். அவன் தாயோடு ஒருவராவது வழக்கறிஞரைப் பார்க்கப் போங்கள். அவன் செய்திருந்தால் நீதிமன்றம் தண்டிக்கட்டும்; அதை நானும் கேட்கிறேன். தண்டிக்கும் முன் அவன் சொல்வதைக் கேட்க ஒருவர் இருக்கட்டும்.

அந்த அக்கா இன்னும் அந்தப் பிளாஸ்டிக் கோப்பை வீட்டுச் சாமி மேடைக்கு அடியில் வைத்திருக்கிறார். கோயில் தலைவர் கடிதத்தில் தேதி பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிச் சேர்த்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஒரு நீதிபதி “முடியாது” என்றே சொல்லலாம். காரணத்தைக் கேட்டுக்கொண்டு அவர் வீடு திரும்புவார். அடுத்த முறை வேறு தாள் கொண்டுவருவார். “முடியாது” என்று சொல்லக்கூட ஒருவர் இல்லாமல் அந்தக் கோப்பு மூடியே கிடக்கிறது. அதைத் திறந்து படிக்கும் கடமை ஒரு நீதிபதிக்கு உண்டு என்று சட்டம் சொல்லும் வரை இந்த மறுப்பை நான் நிறுத்தப்போவதில்லை.